மைதானத்தின் திறப்பு யாரிடம்?

(பெண்கள் விளையாட்டும் பொது மைதானப் பராமரிப்பும் என்ற பொருளில் வேலணையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஓர் ஆசிரியையின் நினைவாக நடக்கிறது. இலக்கியமும் சமயமும் கல்வியும் பேசப்பட்ட மேடை இது. இம்முறை விளையாட்டைப் பற்றிப் பேச அனுமதித்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தின் தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். படிப்பு முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்துக்கு உரியது விளையாட்டு என்று எண்ணும் ஊரில், அதற்கென ஒரு முழு மாலையை ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். 138 ஏக்கரில் திட்டமிடப்பட்ட விளையாட்டு நகரத்தில் 48 ஏக்கர் இந்த மைதானத்துக்கு உரியது. 40,000 பேர் இருந்து பார்க்கலாம் என்றார்கள். மண்டைதீவு நமது வேலணைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் இருக்கும் ஊர். பண்ணைத் தாம்போதியால் வந்தால் தீவகத்தின் வாசல் அதுதான். அந்த நிலத்தின் கண்டல் காட்டையும் ஈரநிலத்தையும் குறித்துச் சூழலியலாளர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு முறையான பதில் வேண்டும். அந்தப் பதிலோடு மைதானம் வருமென்றால் வரட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சர்வதேச ஆட்டம் ஒன்றைப் பார்க்கக் கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ போக வேண்டியதில்லை என்ற நாள் வருவது எனக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வலைப்பந்தாட்டத் திடல் ஒன்றின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். அந்த 48 ஏக்கருக்குள் அப்படி நானூறுக்கு மேற்பட்ட திடல்கள் அடங்கும். நானூறு வேண்டாம். மண்டைதீவிலிருந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று போகும் வழியில், ஒரு பெண்பிள்ளை மாலை நேரத்தில் பயமில்லாமல், முள் குத்தாமல், மலசலகூட வசதியோடு விளையாடக்கூடிய பொதுத் திடல் ஊருக்கு ஒன்று இருந்தால் போதும்.

பெண்கள் விளையாட்டுக்கு அரசு எவ்வளவு கை கொடுக்கிறது என்பதை அடிக்கல்லை வைத்து அளக்கக் கூடாது. பிள்ளையின் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் மைதானம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஊர் மைதானம் பழுதானால் ஆண்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் மைதானத்துக்குப் போவான். அங்கும் இடமில்லை என்றால் வயல்வெளியில் மட்டையை ஊன்றி விளையாடுவான். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாலும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளைக்கு அந்த அடுத்த மைதானம் கிடையாது. கிட்ட இருப்பது கெட்டால் அவளுக்கு எல்லாமே கெட்டதுதான். அதனால்தான் பராமரிப்பு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் விடயம் பெண்கள் விளையாட்டில் முதல் விடயமாகிறது. புல்லு வெட்டாத மைதானம் ஆண்களுக்கு இடைஞ்சல் தரும். பெண்களை வீட்டுக்கே அனுப்பிவிடும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் மைதானத்தையும் சொல்லப் போவதில்லை. தீவகத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் நினைவுக்கு வரும். வலைப்பந்தாட்ட அணி ஒன்றைக் கோட்டமட்டப் போட்டிக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தோம். பங்குனி வெயில். நல்ல உயரமும் நல்ல கையும் உள்ள பிள்ளை ஒருத்தி, கோல் எய்யும் இடத்தில் விளையாடுபவள், இரண்டாம் கால்பகுதியில் கண் இருட்டி நிலத்தில் இருந்துவிட்டாள். முகம் கழுவி, நிழலில் இருத்தி, "காலமை சாப்பிட்டனியா?" என்று கேட்டேன். சாப்பிட்டிருந்தாள். தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன், நிரம்பியபடி இருந்தது. "ஏன் பிள்ளை குடிக்கேல்லை?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "ரீச்சர், பின்னேரம் பிறக்ரிஸ் எண்டால் மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணி குடிக்கிறேல்லை" என்றாள். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த மைதானத்தில் மலசலகூடம் இருந்தது. நல்ல கட்டடம். தரை ஓடு போட்டு, வாசலில் திறந்துவைத்தவர்களின் பெயர்ப் பலகையும் பதித்திருந்தார்கள். கதவில் ஆமைப்பூட்டு. திறப்பு மைதானத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில். அலுவலகம் மாலை நாலேகாலுக்கு மூடப்படும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, உடுப்பு மாற்றி மைதானத்துக்கு வரும்போது நாலரை. அந்தக் கால்மணி நேர இடைவெளிக்குள் ஒரு விளையாட்டு வீராங்கனையின் உடம்பு வற்றிக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறில் அலுவலகமே இல்லை. திறப்பை ஊரில் ஒருவரிடம் கொடுக்கலாமே என்று கேட்டபோது, பொருள் களவுபோனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. பொறுப்பெடுக்கச் சம்பளத்துக்கு ஒருவர் அங்கே இல்லை. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள் காவலுக்கு ஒதுக்கவில்லை.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் விளையாடும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது கட்டுப்பாடும் இல்லை, திறமையும் இல்லை. உடம்பு நீரிழந்தால் முதலில் கவனம் சிதறும், பிறகு தசை பிடிக்கும், பிறகு மயக்கம் வரும். நெடுநேரம் சிறுநீரை அடக்குவது தொற்றுக்கு வழி. மாதவிடாய் நாட்களில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. "அந்த மூன்று நாளும் பிள்ளை பயிற்சிக்கு வராள்" என்று பயிற்றுநர்கள் சாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாதத்தில் மூன்று நாள் என்றால் வருடத்தில் ஒரு மாதத்துக்கு மேல். வருடத்துக்கு ஒரு மாதப் பயிற்சியைப் பூட்டிய கதவு பறித்துக்கொள்கிறது. இதைப் பெண்பிள்ளைகளின் ஆர்வக்குறைவு என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

தீவக மைதானத்துக்கு வேறு பகைகளும் உண்டு. நம்முடையது உப்புக்காற்று. சோளகம் அடிக்கத் தொடங்கினால் இரும்பு எதுவும் தாங்காது. வலைப்பந்தாட்டக் கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர், அதன் தலையில் 38 சென்ரிமீற்றர் வட்டத்தில் ஒரு வளையம். வளையத்தைக் கம்பத்தோடு ஒட்டிய இடத்தில்தான் கறள் முதலில் பிடிக்கும். வர்ணம் உரிந்து, செதில் செதிலாகக் கழன்று, ஒருநாள் பந்து பட்ட வேகத்தில் வளையம் சரிந்து தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை கறள் சுரண்டி, கறள் தடுப்பு வர்ணம் ஒரு பூச்சுப் பூசினால் அந்தக் கம்பம் பல வருடம் நிற்கும். பேணியும் தூரிகையும் ஒரு மனிதரின் அரைநாள் வேலையும்தான் செலவு. அதைச் செய்யாமல், வளையம் விழுந்த பிறகு புதிய சோடிக் கம்பத்துக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதி, அது வரும்வரை ஒரு பருவத்தையே இழக்கிறோம்.

மாரி முடிந்தவுடன் நெருஞ்சி படரும். நமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி தை, மாசியில் வருகிறது. நெருஞ்சி முற்றுவதும் அந்த நாட்களில்தான். சப்பாத்து இல்லாத பிள்ளை நூறு மீற்றர் ஓடிவிட்டு ஒற்றைக்காலில் நின்று முள் பிடுங்குவதைப் பார்க்காத உடற்கல்வி ஆசிரியர் தீவகத்தில் இல்லை. காய் முற்றுமுன் ஒருமுறை வேரோடு பிடுங்கினால் அடுத்த வருடம் குறைவாகத்தான் முளைக்கும். முற்றியபின் செருக்கினால் விதையை நாமே மைதானம் முழுக்கப் பரப்பியவர்களாகிறோம். எந்த மாதத்தில் எந்த வேலை என்று தெரிந்த ஒருவர் மைதானத்துக்கு வேண்டும். பராமரிப்பு என்பது அந்த அறிவுதான்.

இனிப் பணம். நமது நிர்வாகத்தில் செலவு இரண்டு வகை: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. மைதானத்துக்கு மதில், பார்வையாளர் மண்டபம், கதவு, கட்டடம் என்றால் மூலதனம். மாகாணத்துக்கு வரும் அபிவிருத்தி நன்கொடையிலும், பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலும், வெளிநாட்டு உதவியிலும் இதற்கு வழி இருக்கிறது. திறந்துவைக்கலாம், படம் எடுக்கலாம், பெயர் பதிக்கலாம். காவலாளியின் சம்பளம், மின்கட்டணம், தண்ணீர், புல்லு வெட்டுக்கூலி, மலசலகூடம் கழுவும் பொருள் எல்லாம் மீண்டெழும் செலவு. இதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. பிரதேச சபையின் சொந்த வருமானத்தில் பெரும்பகுதி இதற்கு வேண்டும். தீவகத்தில் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்க, கடைத்தெருக்கள் சுருங்கிக் கிடக்க, சபைக்கு வருமானம் எங்கிருந்து வரும்? 1990, 1991இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. சனம் குறைந்த இடத்தில் வரி குறையும், வரி குறைந்த இடத்தில் பராமரிப்பு குறையும், பராமரிப்பு குறைந்த இடத்தில் இருக்கும் சனமும் போகும். இந்தச் சுழலை உடைப்பதற்குத்தான் மத்திய, மாகாண அரசுகளின் கை தேவை.

இதில் இன்னொரு சிக்கல், மைதானம் யாருடையது என்பது. சில மைதானங்கள் பாடசாலைக்குச் சொந்தம், சில பிரதேச சபைக்கு, சில கழகத்துக்கு, சில கோவில் காணியில். விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பது பிரதேச செயலகத்தில். அவருக்குப் போட்டி நடத்தும் கடமை உண்டு. பூட்டைத் திறக்கும் அதிகாரம் இல்லை. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் சரியாகத்தான் நடக்கிறார்கள். எல்லைகளுக்கு நடுவில் மைதானம் கிடக்கிறது.

பெரிய மைதானங்களின் கதையும் வேறல்ல. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு 1997 முதல் பாவனைக்கு உதவாமல் கிடந்து, இந்திய அரசின் ஏழு கோடி இந்திய ரூபா அளவான உதவியால் திருத்தப்பட்டு 2016 யூன் 18ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது வருடம் ஒரு மாவட்டத்தின் தலைமை மைதானம் இல்லாமல் ஒரு தலைமுறை ஓடி முடிந்துவிட்டது. ஆண்பிள்ளைகளாவது தெருவிலும் வெளியிலும் விளையாடி வளர்ந்தார்கள். அந்த இருபது வருடத்தில் ஓட வேண்டிய பெண்பிள்ளைகள் எத்தனைபேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பெண்பிள்ளைகளிடம் திறமை இல்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். ஆறு அடிக்கு மேல் பத்து அங்குலம் உயரம். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது கோலடியில் நின்றவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் எய்து தொடரிலேயே முதலிடம் பெற்றார். ஊருக்குள் ஏளனத்துக்கு இடமான உயரம், கம்பமும் வளையமும் கிடைத்தபோது நாட்டின் சொத்தானது. அடுத்தவர் அனித்தா ஜெகதீஸ்வரன், தெல்லிப்பழை மகாஜனாவின் மாணவி. கோலூன்றிப் பாய்தலில் மூன்றரை மீற்றரைத் தாண்டி இலங்கைச் சாதனையைத் தன் பெயரில் எழுதியவர்.

கோலூன்றிப் பாய்தலில் மகாஜனாவும் அளவெட்டி அருணோதயாவும் வருடாவருடம் வீரர்களைத் தருகின்றன. அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குத் தனி எலும்பு இல்லை. அங்கே கோல் இருக்கிறது, விழுவதற்கு மெத்தை இருக்கிறது, கற்பிக்க ஆள் இருக்கிறது, மூத்த பிள்ளை பாய்வதை இளைய பிள்ளை தினமும் பார்க்கிறது. மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டமும் அப்படி வளர்ந்ததுதான். உபகரணமும் பயிற்றுநரும் ஒரே இடத்தில் பத்து வருடம் நிலைத்தால் அந்த ஊரில் ஒரு விளையாட்டு வேர்விடும். நமது தீவகத்தில் ஒரு நல்ல ஆசிரியர் வருவார், மூன்று வருடத்தில் இடமாற்றம் பெற்றுப் போவார். அவரோடு அந்த விளையாட்டும் தாம்போதி கடந்து போய்விடும்.

தாய்மார் பிள்ளைகளை விடுவதில்லை என்ற குற்றச்சாட்டை நான் பலகாலம் கேட்டிருக்கிறேன். ஒரு தாய் எனக்குச் சொன்ன பதில் இது: "ரீச்சர், விளையாட விட எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மைதானத்திலயிருந்து எங்கட ஒழுங்கை வரைக்கும் ஒரு லைற் எரியாது. ரெண்டு வளவு பத்தையாக் கிடக்கு. ஆறரைக்குப் பிள்ளை வராட்டில் நான்தான் வாசல்ல நிக்கிறன். லைற்றைப் போடச் சொல்லுங்கோ, நான் ஏழு மணி வரைக்கும் விடுறன்." இந்தத் தாயைப் பழமைவாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கேட்டது தெருவிளக்கு. ஆளில்லா வளவுகளின் பற்றையை வெட்டுவிக்கும் அதிகாரமும் தெருவிளக்கும் உள்ளூராட்சியின் கையில் இருக்கின்றன. பெண்கள் விளையாட்டுக்கான ஒதுக்கீடு என்ற தலைப்பின் கீழ் யாரும் தெருவிளக்கை எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

நேரமும் ஒரு வளம். மாலை நாலரை முதல் ஆறரை வரைதான் நமது மைதானங்களின் பொன்னான நேரம். அந்த நேரம் முழுதும் நடுத்திடலில் ஆண்களின் துடுப்பாட்டமோ உதைபந்தாட்டமோ நடக்கும். பெண்பிள்ளைகளுக்கு ஓரத்தில் ஒரு துண்டு. பந்து பறந்து வரும். பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டமும் இருக்கும். யாரும் துரத்துவதில்லை, ஆனால் மெல்ல மெல்லப் பிள்ளைகள் வராமல் போய்விடுவார்கள். ஒஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990களின் நடுப்பகுதியில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு பூங்காக்களில் பெண்பிள்ளைகளின் தொகை சட்டென்று குறைந்திருந்தது. ஆண்பிள்ளைகளோடு இடத்துக்குப் போட்டிபோட வேண்டிவந்தால் பெண்பிள்ளைகள் விலகிப் போனார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். ஒற்றைப் பெரிய திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதை போட்டார்கள், கரப்பந்து, பூப்பந்துக்கு இடம் விட்டார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சட்டமும் சண்டையும் தேவைப்படவில்லை. இடத்தைப் பார்த்துப் பிரித்தது போதுமாயிருந்தது. இங்கே வாரத்தில் இரண்டு மாலை முழு மைதானமும் பெண்களுக்கு என்று அறிவித்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

நெடுந்தீவுப் பிள்ளைகளை மறந்து தீவகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. யாழ்ப்பாணத்தில் மாவட்டப் போட்டி காலை எட்டு மணிக்கு என்றால் நெடுந்தீவுப் பிள்ளை முதல்நாளே புறப்பட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடல். குறிகட்டுவானில் இறங்கி முப்பது கிலோமீற்றர் அளவு பஸ். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. இரவு தங்க இடமும், கூடவே ஓர் ஆசிரியையும் வேண்டும். அந்த ஆசிரியைக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆண்பிள்ளைகள் என்றால் ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை என்றால் தாய் தகப்பன் அனுப்ப மாட்டார்கள், நானும் அனுப்பச் சொல்ல மாட்டேன். வேலணையிலோ யாழ்ப்பாணத்திலோ தீவகத்து மாணவிகளுக்கென ஒரு தங்குமிடம், பெண் பொறுப்பாளரோடு இருந்தால் நெடுந்தீவிலிருந்து எத்தனை ஓட்டக்காரிகள் வருவார்கள் என்று பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்ன நடக்கிறது? சாதாரண தரப் பரீட்சை வந்ததும் பாதிப்பேர் நிற்பார்கள். உயர்தரம் முடிந்ததும் மீதிப்பேர். பிறகு அவர்களுக்குக் கழகம் இல்லை. நமது ஊர்களில் கழகம் என்றால் ஆண்களின் கழகம். பிரதேச விளையாட்டு விழா வரும்போது பெண்கள் நிகழ்ச்சிக்கு ஆள் தேடி, முன்னாள் மாணவிகளை வீடுவீடாகப் போய் அழைத்துவருகிறார்கள். அஞ்சலோட்டத்துக்கு நாலு பேர் சேர்ந்தால் போட்டியில்லாமலே மாவட்டத்துக்குப் போய்விடலாம். நாட்டுக்கு விளையாடும் பெண்களில் பலர் முப்படைகளிலும் வங்கிகளிலும் வேலை செய்பவர்கள். அந்த வேலைதான் அவர்களுக்குச் சோறும் சப்பாத்தும் பயிற்சி நேரமும் தருகிறது. அரசு ஆதரவு என்பது பெரும்பாலும் இந்த வழியாகவே பெண்களுக்குப் போகிறது. தீவகத்துத் தமிழ்ப்பிள்ளை படையில் சேர்ந்து ஓடப்போவதில்லை. அதற்கான காரணங்களை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே மாகாணத் திணைக்களங்களிலும் உள்ளூராட்சி சபைகளிலும் வீராங்கனைகளுக்கு வேலை ஒதுக்க வேண்டும். பயிற்றுநராக, மைதானப் பொறுப்பாளராக, சிற்றூழியராகவாவது. பூட்டிய மலசலகூடத்தின் திறப்பை அப்படியொரு பெண்ணின் கையில் கொடுத்துப் பாருங்கள். காவலும் கிடைக்கும், பயிற்சியும் கிடைக்கும், மாலையில் மைதானத்தில் ஒரு பெரிய பெண் நிற்கிறாள் என்ற நம்பிக்கை தாய்மாருக்கும் வரும்.

வயது போய்விட்டது என்று சொல்லும் சகோதரிகளுக்கு முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைக் காட்டுகிறேன். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் 1500 மீற்றர் ஓடித் தங்கம் வென்றவர். போரில் எல்லாம் இழந்த முல்லைத்தீவு மண்ணிலிருந்து போனவர்.

நாட்டுக்கு ஒலிம்பிக்கில் இதுவரை கிடைத்த பதக்கம் இரண்டே இரண்டு. 1948இல் டங்கன் வைற் பெற்றது ஒன்று. 2000இல் சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க பெற்றது மற்றது. 2024 யூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் சமரி அத்தபத்துவின் பெண்கள் அணிதான். பெண்கள் இந்த நாட்டுக்குக் கொடுத்த பெருமைக்கு ஏற்ற பங்கை நாடு அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தமிழகத்திலும் பார்ப்போம். 2024 பெப்ரவரியில் மதுரையில் தொடங்கிய திட்டத்தில் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் கொடுத்தார்கள். 2025 ஒக்ரோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத்தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சனங்களைக் குடியேற்றிய இடம் அது. தமிழக அரசு அவருக்கு 25 இலட்சம் ரூபா கொடுத்தது. நல்ல செயல். ஆனால் பதக்கத்துக்குப் பின் வரும் பணம் ஒருத்திக்குப் போகிறது; பதக்கத்துக்கு முன் வரும் ஆடுகளம் அந்தத் தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஆடுகளத்தைத்தான் கேட்பேன்.

புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து நீங்கள் அனுப்பிய பணத்தில் எத்தனையோ வளைவுகளும் மண்டபங்களும் எழுந்திருக்கின்றன. அந்த அன்பை நான் மதிக்கிறேன். அடுத்தமுறை பணம் அனுப்பும்போது கட்டடத்துக்கு ஒரு பங்கும், பத்து வருடப் பராமரிப்புக்கு ஒரு பங்கும் என்று பிரித்து அனுப்புங்கள். பராமரிப்புப் பங்கை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியில் ஒரு பெண் மைதானப் பொறுப்பாளருக்குக் கொடுப்பனவு கொடுக்கலாம். இந்த அறக்கட்டளையே அப்படி ஒரு வைப்பின் வட்டியில் நடப்பதுதானே. ஒரு சொற்பொழிவை வருடாவருடம் நடத்த முடிந்த வழி, ஒரு மைதானத்தைத் தினமும் திறந்து வைக்கவும் உதவும்.

ஆனால் உறவுகளின் கொடை அரசின் கடமைக்கு ஈடாகாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் மக்களின் சுகாதாரத்தையும் தெருக்களையும் பொது வசதிகளையும் கவனிக்கும் பொறுப்பைச் சபையிடம் ஒப்படைக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தோம். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலோடு சபைகள் மீண்டும் கூடின. 25 வீத ஒதுக்கீடு வந்ததால் பெண் உறுப்பினர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போது மைதானப் பராமரிப்பு என்று தனித் தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருத்தம் கொண்டுவாருங்கள். எந்தக் கட்சியென்று பார்க்காமல் சேர்ந்து கொண்டுவாருங்கள்.

பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நம் ஊர் மைதானம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, கடந்த மூன்று வருடத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது, அதில் பெண்களுக்கான வசதிக்கு எவ்வளவு, மலசலகூடத்தின் திறப்பு மாலை நாலரைக்குப் பிறகு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் தரக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

மண்டைதீவில் பெரிய மைதானம் எழும்போது அதன் பயிற்சித் திடல்களில் தீவகத்துப் பெண்பிள்ளைகளுக்கு நாளும் நேரமும் எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். திறப்புவிழா முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. இந்தக் கோரிக்கையை எழுதி, இங்கே இருக்கும் அனைவரும் கையொப்பம் இட்டு, பிரதேச செயலருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் மாகாண விளையாட்டுத் திணைக்களத்துக்கும் அனுப்புவோம். தாள் மேசையில் இருக்கிறது. மாணவிகளே, நீங்கள் முதலில் வந்து கையொப்பமிடுங்கள்.